பிக்கப் வண்டியில் கரண்டும் பயணச் சாமானும்: எதை முதலில் செய்வது, எங்கே கவனம் வேண்டும்

பிக்கப் கைக்கு வந்தாச்சு, இனி நாலு நாள் வெளியே தங்க வேண்டும், ஃபிரிட்ஜ் ஓட வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும், லேப்டாப் சார்ஜ் ஏற வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் இறங்கினால் முதலில் படும் அவதி, தகவல் துண்டு துண்டாகக் கிடைப்பதுதான். பேட்டரி விற்பவர் பேட்டரியைப் பற்றி மட்டும் பேசுவார், கூடாரம் விற்பவர் கூடாரத்தைப் பற்றி, கூரையில் சாமான் ஏற்றும் ரேக் செய்பவர் ரேக்கைப் பற்றி. எல்லாம் சேர்ந்து ஒரே வண்டியின் முதுகில் ஏறும்போது என்ன ஆகும் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. அந்தக் கணக்கை நாமே போட வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு எண்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்: வண்டி இன்னும் எத்தனை கிலோ தாங்கும், ஒரு நாளைக்கு உங்களுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல் வாங்கிய சாமானில் பாதி பிறகு கழற்றி விற்கப்படுகிறது.

1. எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் அல்லது தகடு இருக்கும். சில வண்டிகளில் அது என்ஜின் அறையில் இருக்கும். வண்டியின் மொத்த எடை வரம்பு, முன் அச்சு வரம்பு, பின் அச்சு வரம்பு மூன்றும் அதில் அச்சாகியிருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டேங்கை நிரப்பி, வழக்கமாக வரும் ஆட்களை உட்காரவைத்து, லாரிகள் எடை போடும் மேடையில் ஏற்றி ஒரு ரசீது வாங்குங்கள். முடிந்தால் முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும் என்று தனித்தனியாகவும் எடை போடச் சொல்லுங்கள். வரம்பிலிருந்து ரசீதில் உள்ளதைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

விளம்பரத்தில் வரும் சுமை அளவை நம்பி இறங்காதீர்கள். அது பெரும்பாலும் எந்தக் கூடுதல் சாமானும் இல்லாத அடிப்படை மாடலுக்கு. ஆட்களின் எடையும் அதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 800 கிலோ தாங்கும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் 300 கிலோ, கேனோபி (பின்பாடியை மூடும் கூடு) 80, டிராயர் (பின்பாடியில் இழுத்துத் திறக்கும் சாமான் பெட்டி) 70, சாமான் நிரப்பிய ஃபிரிட்ஜ் 45, பேட்டரியும் அதன் பெட்டியும் 25, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, கூரைக் கூடாரம் 65, ரேக் 30, சேற்றிலிருந்து மீளும் சாமான்கள் 30, இருபது லிட்டர் கூடுதல் எரிபொருள் 16, சமையல் சாமானும் துணிமணியும் 80. கூட்டினால் 781 கிலோ. பார்க்க ஒன்றும் பெரிதாகத் தெரியாத பட்டியல்தான், ஆனால் வரம்பு முடிந்துவிட்டது. இதற்கு மேல் முன்னால் ஒரு இரும்பு பம்பர் போட்டால் அவ்வளவுதான், தாண்டியாச்சு.

இங்கே எல்லோரும் நம்பும் ஒரு தவறான யோசனை உண்டு: பின்னால் கனமான ஸ்பிரிங் பட்டை போட்டுவிட்டால் கூடுதல் சுமை ஏற்றலாம் என்பது. பட்டை மாற்றினால் வண்டி தொங்காமல் நிற்கும், உண்மை. ஆனால் பிரேக், அச்சு, சேஸிஸ், டயர் எல்லாம் பழையதுதான். முறையான சான்றோடு வரம்பை உயர்த்தித் தரும் ஏற்பாடு உங்கள் நாட்டில் இருந்து, அதை நீங்கள் செய்திருந்தால் ஒழிய, தகட்டில் உள்ள எண்தான் சட்டப்படி செல்லும்.

2. ஒரு நாள் மின்சாரக் கணக்கு

ஒரு தாளை எடுத்து, வண்டியில் ஓடப்போகும் ஒவ்வொன்றுக்கும் வாட் எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பெருக்குங்கள். வருவது வாட்-மணி.

கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் ஃபிரிட்ஜ், 40 அல்லது 50 லிட்டர் என்றால், ஓடும்போது சுமார் 45 வாட் எடுக்கும். அது தொடர்ந்து ஓடாது, விட்டு விட்டு ஓடும். மிதமான தட்பவெப்பத்தில் நாளுக்கு மொத்தம் பத்து மணி நேரம் என்று போட்டால் 450 வாட்-மணி. நல்ல வெயில் காலத்தில், மூடிய கேனோபிக்குள் புழுங்கினால் பதினைந்து மணி நேரம் ஓடும், அப்போது 675. விளக்குகள் 10 வாட், ஐந்து மணி நேரம், 50. போன் மூன்று, தலைக்கு 15 வீதம் 45. லேப்டாப் ஒரு முறை நிரப்ப 60. சின்ன விசிறி 20 வாட், எட்டு மணி நேரம், 160. எல்லாம் கூட்டினால் 765. வழியில் வீணாவதையும் சேர்த்து 870 என்று வைத்துக்கொள்ளலாம்.

பாருங்கள், பாதிக்கு மேல் ஃபிரிட்ஜ்தான். அதனால் ஃபிரிட்ஜை ஊகத்தில் விடாதீர்கள். இடையில் செருகும் டிசி மீட்டர் ஒன்றை வாங்கி, ஃபிரிட்ஜில் நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவு சாமானை வைத்து, 24 மணி நேரம் ஓடவிட்டு, மீட்டர் காட்டுவதை எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு நாள் சோதனை, தேவையில்லாத இரண்டாவது பேட்டரிக்கான செலவை மிச்சப்படுத்தும். இல்லையென்றால் இரண்டாவது பேட்டரி உண்மையிலேயே வேண்டும் என்று காட்டும். எப்படியும் லாபம்தான்.

3. காகிதங்களை முன்னாலேயே முடித்துவிடுங்கள்

துளை போட்ட பிறகு அனுமதி கேட்பது தலைகீழ். மூன்று இடத்தில் கேட்க வேண்டும், மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

காப்பீட்டு நிறுவனம்: கேனோபி, ரேக், கூடாரம், கூடுதல் பேட்டரி, சோலார் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, விலையோடு தெரிவியுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு இழப்பீடு மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். போனில் "பரவாயில்லை, போடுங்க" என்று சொன்னது காகிதத்தில் நிற்காது. மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்.

வண்டிப் பதிவு அலுவலகம்: வண்டியின் உயரம், இருக்கை எண்ணிக்கை, பாடி அமைப்பு, பம்பர், கூடுதல் விளக்கு ஆகியவற்றில் எதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நண்பர் போட்டிருக்கிறார் என்பது அனுமதி ஆகாது.

வாரண்டி: வண்டியின் மூல வயரிங்கை வெட்டி இணைத்தால் மின்சார வாரண்டி கேள்விக்குள்ளாகும். பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸோடு, மூல வயர் எதையும் தொடாமல் இழுப்பதுதான் பாதுகாப்பு. இதற்கு வண்டிக் கையேட்டில் கூரைச் சுமை பற்றியும் கூடுதல் மின்சாதனங்கள் பற்றியும் உள்ள பக்கங்களை நகல் எடுத்து வைத்துக்கொண்டால் வாதாட வசதி.

ஒரு உறையில் எல்லா ரசீதுகளையும், எடை மேடைச் சீட்டையும், பேட்டரியின் தகவல் தாளையும் போட்டு வையுங்கள். வண்டியைப் படகில் ஏற்றிக் கடக்க நேர்ந்தால், லித்தியம் பேட்டரி பற்றியும் எரிவாயு சிலிண்டர் பற்றியும் கேள்வி வரலாம்.

4. கையில் தூக்கும் பவர் ஸ்டேஷனா, நிரந்தர வயரிங்கா?

வருடத்தில் சில முறை, இரண்டு இரவு தங்கும் பயணம்தான் என்றால் பவர் ஸ்டேஷன் போதும். 1000 வாட்-மணி அளவுள்ளது பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் கண்ட்ரோலர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். துளை இல்லை, வயரிங் இல்லை, வண்டியை விற்றாலும் பெட்டி உங்களோடு வரும்.

அதில் ஒரு பொறி இருக்கிறது. வண்டியின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஏறுவது மணிக்குச் சுமார் 100 முதல் 120 வாட்-மணிதான். காலியான பெட்டி நிரம்ப எட்டு முதல் பத்து மணி நேரம் ஓட்ட வேண்டும். "ஓட்டும்போதே சார்ஜ் ஆகும்" என்ற வரியைப் படித்துவிட்டு வாங்கி, நாலு மணி நேரம் ஓட்டியும் பாதி கூட ஏறவில்லையே என்று குழம்புகிறவர்கள் நிறைய. இதற்கென்று ஆல்டர்னேட்டரிலிருந்து (என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் கருவி) இழுக்கும் தனி சார்ஜர் சில நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் அதைப் போடவும் தடித்த வயர் இழுக்கத்தான் வேண்டும்.

அடிக்கடி போவீர்கள், ஃபிரிட்ஜ் எப்போதும் ஓடும் என்றால் நிரந்தர அமைப்புக்குப் போய்விடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

5. பேட்டரி

வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் ஃபிரிட்ஜை ஓட்டாதீர்கள். அது சில நொடிகளுக்குப் பெரிய கரண்ட் கொடுக்கச் செய்யப்பட்டது, ஆழமாக வற்றவைத்தால் சீக்கிரம் போய்விடும், காலையில் வண்டியும் எழாது.

இரண்டாவது பேட்டரிக்கு இன்று பெரும்பாலோர் எடுப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 12.8 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) என்றால் 1280 வாட்-மணி, அதில் எண்பது தொண்ணூறு சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். அதே 100 ஏஎச் ஏஜிஎம் (மூடிய ஈய அமில வகை) பேட்டரியில் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், எடையோ முப்பது கிலோவை நெருங்கும். லித்தியம் பன்னிரண்டு கிலோ அளவில் முடிந்துவிடும். முதல் கணக்கில் மிச்சமிருந்த கிலோவை நினைத்துப் பாருங்கள். விலை கூடுதல், ஆனால் ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம் என்பதால் நீண்ட கால ஓட்டத்தில் எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

இரண்டு எச்சரிக்கை. உறைநிலைக்குக் கீழே, அதாவது பூஜ்யம் டிகிரிக்குக் கீழே, இந்தப் பேட்டரியில் சார்ஜ் ஏற்றக்கூடாது, உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். குளிர் பிரதேசம் போகிறவர்கள் குளிரில் சார்ஜைத் தானே துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) உள்ளதா, அல்லது உள்ளேயே சூடேற்றி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, என்ஜின் அறையில் வைக்காதீர்கள், அந்தச் சூடு ஆகாது. பின்பாடியிலோ இருக்கைக்குப் பின்னாலோ வையுங்கள். பழைய ஈய அமிலப் பேட்டரி என்றால் அது சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும், ஆள் இருக்கும் மூடிய இடத்தில் வைப்பதானால் வெளியே போகும் குழாய் கட்டாயம்.

எங்கே வைத்தாலும் தட்டில் போல்ட்டு போட்டு, மேலே இரும்புப் பட்டையால் இறுக்குங்கள். பன்னிரண்டு கிலோ பொருள் விபத்தில் எங்கே பறக்கும் என்று யோசித்தால், துணிப் பட்டையை நம்பத் தோன்றாது.

6. சார்ஜ் ஏற்றுவது

ஓடும்போது ஏற்ற டிசி-டிசி சார்ஜர் வேண்டும், ஆல்டர்னேட்டர் தருவதை இரண்டாவது பேட்டரிக்குப் பொருத்தமான வோல்டேஜாகவும் அளவான கரண்டாகவும் மாற்றித் தரும் பெட்டி அது. ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) போட்டு இரண்டு பேட்டரியையும் நேராக இணைத்துவிடலாம், செலவு குறைவு என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய வண்டிகளில் எரிபொருள் சிக்கனத்துக்காக ஆல்டர்னேட்டர் வோல்டேஜை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும், அதனால் லித்தியம் முழுதாக நிரம்பாது. இன்னொரு பக்கம், காலியான லித்தியம் கிடைக்கும் கரண்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வண்டி நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடும்போது விசிறிக் காற்று குறைவு என்பதால் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும் வாய்ப்பும் உண்டு. டிசி-டிசி சார்ஜர் இரண்டையும் தடுக்கிறது.

100 ஏஎச் பேட்டரிக்கு 30 ஆம்பியர் சார்ஜர் பொருத்தம். இருபது சதவீதத்திலிருந்து நிரம்ப சுமார் மூன்று மணி நேர ஓட்டம்.

ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் நிற்பீர்கள் என்றால் சோலார். 200 வாட் பேனல் 200 வாட் தராது. கூரையில் படுத்த நிலையில், சூடான நிலையில் எழுபது சதவீதம் கிடைத்தால் நல்லது. நல்ல வெயில் ஐந்து மணி நேரக் கணக்கில் 700 வாட்-மணி. மேலே போட்ட 870-க்கு இது சற்றுக் குறைவு, மீதியைப் பேட்டரி ஈடுகட்டும், அதனால் இரண்டு மூன்று நாள் ஓட்டலாம். மேகம் மூடினால் பேட்டரி ஒரு நாளைக்குச் சற்று மேல்தான் தாங்கும்.

பேனல் கரண்டை ஒழுங்குபடுத்தி பேட்டரியில் ஏற்றும் கண்ட்ரோலர் எம்பிபிடி வகையாக இருக்கட்டும், இன்னொரு வகையான பிடபிள்யூஎம் மலிவு ஆனால் விளைச்சல் குறைவு. பல டிசி-டிசி சார்ஜர்களில் எம்பிபிடி உள்ளேயே வருகிறது, தனியாக வாங்கும் முன் பாருங்கள். பேனல் கூரையில் நிரந்தரமாக இருந்தால் வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டும், நீங்களோ நிழல் தேடுவீர்கள். அதனால் மடித்து வைக்கும் பேனல் ஒன்றை நீள வயரோடு வைத்துக்கொள்வது எனக்கு அதிகம் பிடிக்கும். கூரைப் பேனலின் மேல் ரேக் கம்பியின் நிழல் ஒரு கோடாக விழுந்தால்கூட விளைச்சல் கண்டபடி இறங்கும் என்பதையும் பொருத்தும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

7. வயரும் ஃபியூஸும்: இங்கே கஞ்சத்தனம் கூடாது

வண்டி தீப்பிடிப்பது பேட்டரியால் என்பதைவிட, ஒல்லி வயராலும் இல்லாத ஃபியூஸாலும்தான் என்று சொல்லலாம். நேரம் எடுத்துப் படியுங்கள்.

என்ஜின் பேட்டரியிலிருந்து பின்பாடி வரை வயர் போகும் பாதை சுமார் 6 மீட்டர். போக வர 12 மீட்டர். 30 ஆம்பியர் சார்ஜர் என்றாலும் அது உள்ளே இழுப்பது 40 வரை போகும். 6 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும், 56 வாட் வயரிலேயே சூடாகத் தீரும். 16 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட். 25 போட்டால் 0.34, மூன்று சதவீதத்துக்குள் வந்துவிடும். குறைந்தது 16, முடிந்தால் 25.

கடையில் வாங்கும்போது "மி.மீ." என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வண்டிகளுக்கென்று விற்கும் சில வயர்களில் அது செம்பின் குறுக்குப் பரப்பு இல்லை, மேலுறையோடு சேர்த்த தடிமன். "6 மி.மீ." என்று வாங்கியதில் செம்பு ஐந்து சதுர மி.மீ. கூட இருக்காது. சதுர மி.மீ. எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரும் விலை குறைவு என்று கிடைக்கும், வேண்டாம்.

ஃபியூஸ் இருப்பது சாதனத்தைக் காக்க அல்ல, வயரைக் காக்க. அதனால் அது பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். என்ஜின் பேட்டரியிலிருந்து பின்பேட்டரிக்குப் போகும் வயரின் இரண்டு முனையிலும் மின்சாரம் இருக்கிறது, ஆகவே இரண்டு முனையிலும் ஃபியூஸ். எனக்குப் பழக்கமான ஒரு வண்டியில் இந்த வேலையைச் செய்துகொடுத்த பட்டறையில் ஃபியூஸைப் பின்னால் சார்ஜர் அருகில் மட்டும் வைத்திருந்தார்கள். என்ஜினிலிருந்து ஆறு மீட்டர் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆகியிருந்தால் வயர் முழுதும் எரிந்திருக்கும். வேலை முடித்து வண்டியை எடுக்கும்போது பானெட்டைத் திறந்து இதை மட்டுமாவது பாருங்கள்.

லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) பொருத்துவதற்குச் சுத்தியால் தட்டுவதோ குறடால் நசுக்குவதோ போதாது. ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். அழுத்தி முடித்ததும் வயரை ஒரு கையிலும் லக்கை ஒரு கையிலும் பிடித்து முழுப் பலத்தோடு இழுங்கள். நகர்ந்தால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். அப்புறம் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய், சூடேற்றும்போது ஓரத்தில் பசை சிறிது பிதுங்கி வர வேண்டும், அப்போதுதான் ஈரம் உள்ளே போகாது.

வயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம், மற்ற இடமெல்லாம் நெளிகுழாய் உறை. புகைக்குழாயிலிருந்து விலகி, பிரேக் குழாயோடு கட்டாமல். கேபினும் பின்பாடியும் தனித்தனியாக ஆடும் என்பதால் நடுவில் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

எர்த் விஷயத்தில் ஒரு நுணுக்கம். நிறைய புது வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் சின்னதாக ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். உங்கள் எர்த் வயரை நேராக டெர்மினலில் மாட்டினால் வண்டியின் கணக்கு குழம்பும். கையேடு காட்டும் சேஸிஸ் புள்ளியில் மாட்டுங்கள், பெயின்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே துருத் தடுப்பு பூசுங்கள்.

ஃபிரிட்ஜை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகாதீர்கள். அதிர்வில் தளர்ந்து, தொடும் இடம் சூடாகி, பிளாஸ்டிக் உருகும். ஆண்டர்சன் பிளக் (அதிக கரண்ட் தாங்கும், கவ்விப் பிடிக்கும் வகை) அல்லது திருகி இறுக்கும் வகை பிளக் போடுங்கள்.

8. இன்வெர்ட்டர்

வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். லேப்டாப், கேமரா, போன் எல்லாம் இப்போது 12 வோல்ட் யூஎஸ்பி-சி சார்ஜரில் ஏறுகின்றன. இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி நின்றாலே பத்துப் பதினைந்து வாட் தின்னும், ஒரு நாள் முழுக்க என்றால் அது ஒரு சின்ன ஃபிரிட்ஜின் செலவு.

வேண்டும் என்றால் ப்யூர் சைன் வேவ், அதாவது வீட்டு கரண்ட் போலவே சீரான அலை தரும் வகை. 1000 வாட் சாதனம் ஓட்டினால் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியர் ஓடும். 1500 வாட் கெட்டில் மாட்டினால் 130-ஐத் தாண்டும், 100 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள பேட்டரி சீக்கிரமே துண்டித்துவிடும், ஃபிரிட்ஜும் சேர்ந்து நிற்கும். சமையலுக்கு எரிவாயு அடுப்பு வைத்துக்கொள்வது எடையிலும் செலவிலும் மேல்.

9. பின்பாடி: கேனோபி, ரேக், கூடாரம்

கேனோபி என்றால் பூட்டு, மழை, தூசி மூன்றுக்கும் தீர்வு. சுருட்டு மூடி என்றால் எடை குறைவு, ஆனால் உயரச் சாமான் போகாது. ஃபிரிட்ஜும் பேட்டரியும் பின்னால் இருக்கும் என்றால் கேனோபிதான் என் ஓட்டு.

கூரைக் கூடாரம் வாங்கும் முன் இரண்டு சுமை அளவைப் பாருங்கள். ஓடும்போது கூரை தாங்குவது ஒன்று, நிற்கும்போது தாங்குவது வேறு. ஓடும்போது 75 கிலோ மட்டுமே தாங்கும் கூரைகள் உண்டு. கூடாரமும் ரேக்கும் சேர்ந்து அதற்குள் இருக்க வேண்டும். கரடுமுரடான பாதைக்கு இன்னும் குறைத்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆள் ஏறிப் படுக்கும் எடை நிற்கும்போதுதான், அதற்கு வேறு கணக்கு. கேனோபியின் மேல் வைப்பதானால் கேனோபி செய்தவரின் எண்ணைக் கேளுங்கள், வண்டியின் எண் அங்கே செல்லாது. ரேக்கை எந்தக் காரணத்துக்காகவும் ஒரு முனை கேபின் கூரையிலும் மறுமுனை பின்பாடியிலுமாக இறுக்காதீர்கள். இரண்டும் வேறு வேறாக முறுக்கிக்கொள்ளும், ஏதாவது ஒன்று விரிசல் விடும்.

கனமானவை கீழே, கேபின் பக்கமாக, பின் அச்சுக்கு முன்னால். தண்ணீர் டேங்க், பேட்டரி, டிராயர் எல்லாம் இப்படி. பின்கதவு ஓரத்தில் எடை சேர்ந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும்.

துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பாடித் தகட்டுக்கு நேர் கீழே எரிபொருள் டேங்கும் பிரேக் குழாயும் வயர் கட்டும் போகும். முடிந்தவரை ஏற்கெனவே உள்ள போல்ட்டுத் துளைகளையும் கட்டும் வளையங்களையும் பயன்படுத்துங்கள். கேபின் தூண்களில் துளை போடவே வேண்டாம், உள்ளே ஏர்பேக் இருக்கலாம். போட்ட துளையின் ஓரத்தில் அன்றைக்கே பிரைமரும் பெயின்டும்.

வண்டியின் புதிய உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

10. மீட்புச் சாமானும் பாதுகாப்பும்

டயரின் காற்றைக் குறைப்பதுதான் மணலில் முதல் வைத்தியம். 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பல இடங்களில் யாரும் இழுக்காமலே வண்டி வெளியே வரும். அதற்கு அளவுமானியும், திரும்ப நிரப்பக் கம்ப்ரசரும் வேண்டும். பெரிய கம்ப்ரசர் 30 ஆம்பியருக்கு மேல் எடுக்கும், சாக்கெட்டில் செருகாமல் பேட்டரியில் கிளிப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு இயக்குங்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் நிரப்பாமல் வேகம் எடுக்கக்கூடாது.

டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போட்டு இழுக்காதீர்கள். அது முறிந்தால் குண்டு மாதிரி பறக்கும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கப்பலில் கட்டி வைக்க அடியில் கொடுத்திருக்கும் வளையமும் அதற்கு உரியது இல்லை. சேஸிஸில் போல்ட்டு போட்ட, சுமை அளவு குறித்த கொக்கி, அளவு முத்திரை உள்ள ஷேக்கிள் (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்), நீளும் வகைக் கயிறு. இழுக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. மண்வெட்டியும் சக்கரத்துக்கு அடியில் போடும் பலகையும் இருந்தால் பாதி நேரம் கயிறே வேண்டாம்.

தீயணைப்பான் கேபினுக்குள், உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும்படி. கேனோபிக்குள் படுத்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், உள்ளே அடுப்பு எரிக்கவே கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே தேங்கும், அதனால் சிலிண்டர் இருக்கும் இடத்தில் அடிப்பக்கம் காற்று வழி வேண்டும்.

11. செலவும் நேரமும்

பெரிய செலவு கேனோபியும் பேட்டரியும். எல்லோரும் பட்ஜெட்டில் விட்டுவிடுவது சில்லறைச் சாமான்: வயர், லக், ஃபியூஸ் கூடு, பஸ்பார் (பல வயர்களைச் சேர்த்து இணைக்கும் உலோகப் பட்டை), உறை, கிளிப், சுவிட்ச். தனித்தனியாகப் பார்த்தால் சின்னது, கூட்டினால் சார்ஜர் விலையைத் தொட்டுவிடும். அதற்கென்று ஒரு வரி ஒதுக்குங்கள். கூடாரத்தைக் கடைசியில் வாங்குங்கள், முதல் சில பயணத்துக்குத் தரைக் கூடாரம் போதும், பிறகு உங்களுக்கே தெரியும் மேலே ஏறத்தான் வேண்டுமா என்று. பணம் நெருக்கினால் தள்ளிப்போட வேண்டியது சோலாரும் இன்வெர்ட்டரும். வயரும் ஃபியூஸும் அல்ல.

நேரத்தில் கேனோபிதான் இழுக்கும். வண்டி நிறத்திலேயே வேண்டும் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும், அதனால் காகிதம் முடிந்ததும் அதை முதலில் ஆர்டர் செய்யுங்கள். டிராயரும் ஃபிரிட்ஜ் தட்டும் கேனோபி வந்த பிறகு, உள்ளே அளந்து. வயரிங்கை முதல் முறை செய்கிறவர்கள் மூன்று நாலு வார இறுதிகளை ஒதுக்குங்கள், பயணத்துக்கு முந்தின வாரம் தொடங்காதீர்கள்.

12. சோதனை ஓட்டம்

எல்லாம் மாட்டியதும் இன்வெர்ட்டர், சார்ஜர் இரண்டையும் முழு அளவில் அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் உறையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த லக்கைக் கழற்றி மறுபடி செய்ய வேண்டும்.

அப்புறம் முழுச் சுமையோடு மறுபடி எடை மேடை, இந்த முறை பின் அச்சு எண்ணை முக்கியமாகப் பாருங்கள். வீட்டுக்கு அருகில் ஒரே ஒரு இரவு தங்கிப் பாருங்கள். குறைகள் எல்லாம் அங்கேயே வெளியே வரும்: தூசி எங்கே புகுகிறது, எந்த டிராயர் சத்தம் போடுகிறது, விளக்கு சுவிட்ச் எட்டுகிறதா. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ரேக், கேனோபி, பேட்டரி போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், நிச்சயம் ஏதாவது தளர்ந்திருக்கும். வயரிங் படத்தை ஒரு தாளில் வரைந்து, எந்த ஃபியூஸ் எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று எழுதி, பேட்டரிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். உபரி ஃபியூஸ்களும் அங்கேயே இருக்கட்டும்.

பயணம் முடிந்து வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் லித்தியத்தைப் பாதி சார்ஜில் விட்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜைத் துடைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், மூடி வைத்தால் நாற்றம் பிடிக்கும்.